நீ முடிக்காமல் போன லாம்பார்டுகளின் கதை

என் வளரு,

நலமா என்று எழுதிவிட்டுக் கை நின்றுவிட்டது. உன்னிடம் வேறு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? காலையில் ஆவடி பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, "சாப்ட்டியா?" என்பதுதான். சரி, அதையே கேட்டுவிடுகிறேன். சாப்பிட்டாயா, வளரு?

இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உன் தம்பி வீட்டுப் பக்கம், குமணன்சாவடியில், மெட்ரோவுக்கு நட்ட தூண்களின் மேல் பாலமே வந்துவிட்டது. கீழே நெரிசல் மட்டும் நீ திட்டிய நாளில் இருந்த மாதிரியே இருக்கிறது. நம் லேடீஸ் பெட்டியில் நீ உட்காரும் ஜன்னலோரத்தில் இப்போது ஒரு ஐ.டி. கம்பெனிப் பெண் உட்காருகிறாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறாள். நல்ல பெண்தான், ஒருநாள் எழுந்து எனக்கு இடம்கூடக் கொடுத்தாள். இருந்தாலும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் எரிச்சல். அவள் என்ன செய்வாள், பாவம்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தெரியாத சிலரும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நீ வளர்மதி. கொரட்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். நான் கஸ்தூரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. நம் இரண்டு அப்பாக்களும் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தவர்கள். குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு. உன் வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், எங்கள் வீட்டுக்குள் வேலூர்த் தமிழ். வெளியே வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் மெட்ராஸ் தமிழ்.

அப்பாக்கள் ஓய்வு பெற்றார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். நீங்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் வாடகை வீடு தேடிப் போனோம். அதன்பிறகு எத்தனையோ வருஷம் உன்னைப் பார்க்கவே இல்லை. ஒருநாள் காலை ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் பின்கழுத்து மச்சத்தைப் பார்த்து, "வளரு!" என்று நான் கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. நீ மட்டும் திரும்பாமல், "கஸ்தூரிதானே?" என்றாய். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "இப்படி கத்தறவ வேற யாரு?" என்றாய்.

அந்த வருஷம் நீ தபாலில் எம்.ஏ. வரலாறு முடித்திருந்தாய். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த அது தேவையே இல்லை. ஆனால் அதில் வந்த ஒரே ஒரு வரி உன்னைப் பிடித்துக்கொண்டது.

"எவ்ளோ பெரிய புத்தகம் கஸ்தூரி, அதுல அவங்களுக்கு ஒரு வரி. லாம்பார்டுகள் இத்தாலிக்குள் நுழைந்தனர். அவ்ளோதான். ஒரு ஜனமே குழந்தை குட்டி, ஆடு மாடு, சட்டி பானையோட வடக்கேர்ந்து பல தலைமுறையா நடந்து வந்து மலையைத் தாண்டியிருக்கு. அது ஒரு வரியா?"

அந்த ஒரு வரிக்குப் பின்னால் போனாய். கிடைத்ததையெல்லாம் படித்தாய். படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் கிடையாது. வீட்டில் அம்மாவுக்குத் தலைவலி. நான் கிடைத்தேன். ஆவடியில் ரயில் கிளம்பினதும் ஆரம்பிப்பாய். அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டே இருக்கும், உன் ஜனங்களும் நடந்துகொண்டே இருப்பார்கள்.

எனக்குச் சொன்னாயே தவிர, காதுகள் வேறு சில இருந்தன. முதலில் பேச்சுக்குள் வந்தவர் சரோஜாக்கா. இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் ஏறி கொரட்டூரில் ஓர் அபார்ட்மெண்டில் பெருக்கித் துடைக்கப் போகிறவர். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மூடிய கண்ணோடேயே கேட்டார்:

"யாரும்மா அது, லம்பாடிங்களா? எங்க ஏரியாண்ட கூட வருவாங்கோ, கண்ணாடி வெச்ச பாவாட போட்டுகினு."

"அவங்க இல்லக்கா. லாம்பார்டு. லாம்பார்டுன்னா நீளத் தாடிக்காரங்கன்னு அர்த்தம்."

"இன்னாத்துக்கு அந்தப் பேரு?"

அதற்குத்தான் நீ காத்திருந்த மாதிரி இருந்தது. அவர்களுக்கு ஆதியில் வேறு பெயர். பெரிய எதிரிக்கூட்டம் ஒன்று சண்டைக்கு வந்தது. இரண்டு தரப்பும் சாமியிடம் வெற்றி கேட்டார்கள். காலையில் விழித்ததும் யாரை முதலில் பார்க்கிறேனோ அவர்களுக்குத்தான் வெற்றி என்று சாமி சொல்லிவிட்டார். இந்தச் சின்னக் கூட்டத்தின் தலைவர்களுக்கு ஓர் அம்மா. புத்திசாலி. அவள் நேராகச் சாமியின் பெண்டாட்டியிடம் போய் நின்றாள்.

"சாமி பொண்டாட்டி சொன்னாங்களாம், உங்க பொம்பளைங்கள எல்லாம் முடிய அவிழ்த்து முகத்துல தாடி மாதிரி கட்டிக்கிட்டு ஆம்பளைங்களோட நிக்கச் சொல்லு, சூரியன் வர்ற திசையில நில்லுங்கன்னு. காலைல சாமி கண்ணு முழிச்சார். ஜன்னல் வழியா பார்த்தார். யாரு இந்த நீளத் தாடிக்காரங்கன்னு கேட்டுட்டார். பேர் வெச்சிட்டீங்க இல்ல, அப்ப வெற்றியையும் குடுங்கன்னு பொண்டாட்டி கேட்டாங்க. குடுத்துட்டார்."

சரோஜாக்கா கண்ணை முழுசாகத் திறந்தார். கொண்டையை அவிழ்த்தார். முடியை இரண்டாகப் பிரித்து தாடைக்குக் கீழே கட்டிக்கொண்டு, மீசையையும் முறுக்கிக் காட்டி, "இன்னா மாமே, யாரப் பாக்குற?" என்று எதிரில் இருந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டார். பெட்டி முழுக்கச் சிரிப்பு. யாரோ ஒருத்தியின் கையில் இருந்த குழந்தைகூடச் சிரித்தது. அன்றிலிருந்து நம் பெட்டியில் அவர்களுக்கு 'தாடிக்காரங்க' என்று பெயர். "இன்னிக்கு தாடிக்காரங்கோ எந்த ஊர் வந்தாங்கோ?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவார் அக்கா... ஏறுவாரா? அவர் நமக்கு முன்னாலேயே ஏறி இருப்பார். நாம் ஏறும்போது கேட்பார். பார், உன்னிடம் எழுதும்போதுகூட ஸ்டேஷன் குழம்புகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு, உனக்கும் அது தெரியும். நான் பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டும். நீங்கள் எல்லோரும் அதற்கு அடுத்து கொரட்டூர். நீ கதையின் நல்ல இடத்தை எப்போதும் பட்டரவாக்கம் தாண்டித்தான் சொல்வாய். சாயந்திர ரயிலில் நீ இருக்கமாட்டாய், உனக்குப் பள்ளி முன்னாலேயே விட்டுவிடும். அதனால் மிச்சத்தை நான் சரோஜாக்காவிடம்தான் கேட்டுக்கொள்வேன். எனக்குத் தெரிந்த லாம்பார்டு வரலாறு பாதி உன் தமிழில் இருக்கிறது, பாதி அவர் தமிழில் இருக்கிறது.

ஆல்போயின் என்பவனின் கதையும் அப்படித்தான். எதிரி ராஜாவைக் கொன்று, அவன் மண்டையோட்டில் கிண்ணம் செய்து, அவன் மகள் ரோசமுந்தையே கல்யாணம் செய்துகொண்ட ராஜா. இத்தாலியைப் பிடித்த பிறகு ஒரு விருந்தில், "இந்தா, உன் அப்பாவோடு சேர்ந்து குடி" என்று அந்தக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினான். அந்த இடத்தில் பட்டரவாக்கம் வந்துவிட்டது. நான் அன்றைக்குக் கம்பெனியில் அளவு பார்த்த பீஸையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். சாயந்திரம் அக்காவைப் பிடித்தேன்.

"அந்தம்மா சும்மா வுடுவாளா? ஆள செட் பண்ணிட்டா. மத்தியானம் அந்த ராஜா நல்லா தூங்கிகினு கீறான். ஆளுங்க வந்துட்டானுங்கோ. கத்திய எடுக்கறான், வர்ல. கட்டிலாண்ட வெச்சி இறுக்கிக் கட்டி வுட்டுட்டா இவ. இன்னா பண்ணுவான்? முக்காலிய தூக்கிகினு சண்ட போட்டான். முக்காலி எத்தினி நேரம் தாங்கும்?"

"அப்புறம் அவ நல்லா இருந்தாளாக்கா?"

"எங்க? கொன்னவனோடவே ஓடிப்போனா. அங்க போயி அவனுக்கும் வெஷத்த குடுத்தா. பாதி குடிக்கச்சொல்ல அவனுக்குப் பிரிஞ்சி போச்சி. மீதிய நீ குடின்னு கழுத்தாண்ட கத்திய வெச்சிட்டான். ரெண்டு பேரும் காலி." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஆனா கஸ்தூரி, அந்தக் கிண்ணத்த அவ அதுக்கு முன்னாடியும் ஊட்ல பாத்துகினுதானே இருந்திருப்பா? எப்டி இருந்தாளோ."

அந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்ததா வளரு? நான் கேட்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை அரைநாள் லீவில் நாம் பழைய குவார்ட்டர்ஸைப் பார்க்கப் போனோம். நீதான் கூப்பிட்டாய். நம் பிளாக்கில் ஆள் இல்லாமல் பல வருஷம் ஆகிவிட்டது. கதவு, ஜன்னல் எல்லாம் கழற்றியிருந்தார்கள். உன் வீட்டுச் சமையலறைச் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசமரம் ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்திருந்தது. வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"இன்னாம்மா வோணும்? பாம்பு கீம்பு இருக்கப்போவுது."

"இது எங்க ஊடுண்ணே," என்றாய்.

"எல்லாரும் இப்டித்தான் சொல்லிகினு வர்றாங்கோ," என்று அவர் போய்விட்டார். துரத்தவில்லை.

அந்த வாசற்படியில் உட்கார்ந்துதான் அந்தக் கதையைச் சொன்னாய். லாம்பார்டுகளின் வரலாற்றை எழுதிவைத்தவர் அவர்களிலேயே பிறந்த ஒரு துறவி. அவருடைய கொள்ளுத்தாத்தாவைச் சின்ன வயதில் எதிரிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வளர்ந்த பிறகு அவர் தப்பித்து, வழி தெரியாமல், சாப்பாடு இல்லாமல் நடந்து வந்தார். ஓர் ஓநாய் முன்னால் போய்ப் போய்த் திரும்பிப் பார்த்து வழி காட்டியதாம். யாரோ முன்பின் தெரியாத ஒரு கிழவி கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தாளாம். ஊருக்கு வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை. உள்ளே எல்லாம் முள். சுவருக்கு நடுவே ஒரு பெரிய மரம்.

"அவர் என்ன பண்ணார் தெரியுமா? அழல. முள்ளயெல்லாம் வெட்டிப் போட்டார். தோள்ல இருந்த அம்புக்கூட்ட எடுத்து அந்த மரத்துலயே மாட்டினார். அப்புறம் சொந்தக்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் உதவி பண்ணி அங்கயே வீட்ட திரும்பக் கட்டிக்கிட்டார்."

சொல்லிவிட்டு எழுந்து போய், உன் ஹேண்ட்பேக்கை அந்த அரசமரத்துக் கிளையில் மாட்டினாய். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட்டாய்: "கஸ்தூரி, நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வர்றியா? மார்ல ஒரு கட்டி இருக்கு. அம்மாகிட்ட சொல்லல."

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. சோதனை செய்தார்கள். புற்று என்றார்கள். வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது என்பது பின்னால்தான் தெரிந்தது. மருந்து ஏற்றினார்கள். உன் முடியெல்லாம் போனது. சில வாரம் வரமாட்டாய்; கொஞ்சம் தெம்பு வந்ததும் தலையில் துணி கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பாய். வீட்டில் கிடக்கச் சொல்லி நான் சண்டை போட்டதற்கு, "பிள்ளைங்களுக்கு பரீட்சை வருதுடி," என்பாய். பரீட்சைக்காக மட்டும் நீ வரவில்லை என்பது பெட்டியில் எல்லோருக்கும் தெரியும்.

துணி கட்டிக்கொண்டு வந்த முதல் நாள் யாருக்கும் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. சரோஜாக்காதான் இடம் மாறி வந்து உன்னை ஒட்டி உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்தார். தன் முடியை இழுத்து உன் தாடைக்குக் கீழே பிடித்தார்.

"இந்தா, பாரு. நம்ம ஜனத்துல ஒருத்திக்கு முடி இருந்தா போதும், எல்லாரும் தாடி வெச்சிக்கலாம். சாமி முழிச்சிப் பாக்கச்சொல்ல உன்னத்தான் மொதல்ல பாக்கணும்."

நீ அழுதாயா சிரித்தாயா? இரண்டும்தான். அக்காவின் முடியை விடாமல் பிடித்துக்கொண்டு, "லியுத்பிராந்துன்னு ஒரு ராஜா, சொல்றேன்," என்று ஆரம்பித்தாய்.

அவர்களில் எல்லோரையும்விட நல்ல ராஜா என்றாய். அவரைக் கொல்லத் திட்டம் போட்ட இரண்டு பலசாலிகளைக் காட்டுக்குத் தனியாகக் கூட்டிப்போய், "இதோ நான், செய்ய வந்ததைச் செய்யுங்கள்" என்று கத்தியோடு எதிரில் நின்றவர். காலில் விழுந்தவர்களை மன்னித்து அனுப்பினவர். அவருக்கு ஒருமுறை கடுமையான நோய் வந்தது. இனிப் பிழைக்கமாட்டார் என்று நினைத்து, மருமகனைப் பிடித்து ராஜாவாக்கிவிட்டார்கள். புது ராஜாவின் கையில் கொடுத்த ஈட்டியின் மேல் ஒரு குயில் வந்து உட்கார்ந்ததாம். நல்ல சகுனமில்லை என்று பேசிக்கொண்டார்களாம்.

"பெரியவரு?" என்று கேட்டார் அக்கா. "பொழச்சிகினாரா?"

"பொழச்சிக்கிட்டார்க்கா. எழுந்து வந்து இன்னும் பல வருஷம் ஆண்டார்."

"அப்டி சொல்லு," என்றார் அக்கா. பெட்டியில் யார் யாரோ மூச்சு விட்டார்கள்.

நீ ரயிலில் சொன்ன கடைசிக் கதை அதுதான். அதன்பிறகு ஆஸ்பத்திரி. உன் தம்பி முருகேசனும் நானும் மாற்றி மாற்றி உன்னோடு இருந்தோம். வலி குறைந்திருந்த ஒரு மத்தியானம் நான் கேட்டேன்.

"அந்த ராஜாவுக்கு அப்புறம் தாடிக்காரங்க என்னடி ஆனாங்க? அக்கா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அதோட அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா?"

"அத எழுதின சாமியாரு அங்கயே நிறுத்திட்டார் கஸ்தூரி. நல்ல ராஜா செத்தார், ஜனங்க அழுதாங்கன்னு எழுதிட்டு விட்டுட்டார். அதுக்கப்புறம் ராஜ்ஜியமே போச்சு. எல்லாம் அவரு வாழ்ந்த காலத்துலயே நடந்துச்சு. அவருக்குத் தெரியாதா? ஆனா எழுதல."

"அவருக்கு மனசு வரல. நீ சொல்லேன்."

"எனக்கும் வரலடி," என்று கண்ணை மூடிக்கொண்டாய். நான் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

நீ போனாய். சரோஜாக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து, மாலையை வைத்துவிட்டு, உன் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். உனக்கு முடி கொஞ்சம் முளைக்க ஆரம்பித்திருந்தது. குழந்தைக்கு இருக்கிற மாதிரி.

அதற்குப் பிறகு ரயிலில் பல மாதம் யாரும் தாடிக்காரர்களைப் பற்றிப் பேசவில்லை. விலைவாசி பேசினோம், மருமகள் பேசினோம். ஒருநாள் அண்ணனூர் தாண்டும்போது அக்கா திடீரென்று என்னைப் பார்த்து, "ஏம்மா, அந்த ஜனங்கோ இன்னாதான் ஆனாங்கோ?" என்றார். இரண்டு மூன்று பேர் என் பக்கம் திரும்பினார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை, வருத்தமாக இருந்தது. கேட்பதற்கு ஆள் இருந்தார்கள், சொல்ல நீ இல்லை.

எனக்குப் படிப்பு வராது என்பது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூர் நூலகத்துக்குப் போனேன். தமிழில் அதிகம் இல்லை. போனில் இங்கிலீஷில் தேடித் தேடி, தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் பார்த்துப் பார்த்து, ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானம் என்று படித்தேன். என் வீட்டுக்காரர், "என்ன, பரீட்சையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீ இவ்வளவு சிரமப்பட்டுத்தான் அத்தனையும் படித்தாயா? ஒருநாள்கூடச் சொல்லவில்லையே.

ஒரு திங்கட்கிழமை, ரயில் கிளம்பியதும், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். நாலு பேர் முன்னால் பேசி எனக்குப் பழக்கமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி ராஜா தன் மகளைப் பக்கத்து நாட்டு ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்தான். பிராங்குகள் என்கிற பெரிய ஜனத்துக்கு ராஜா அவன். ஒரு வருஷம் போலத்தான் வாழ்ந்தாள். பிறகு அவளை அப்பன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டான். அந்தப் பெண்ணின் பெயர்கூட இன்றைக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது.

"தொரத்திட்டானா?" என்றார் அக்கா. "இன்னா தப்பு பண்ணா அவ?"

"ஒண்ணும் எழுதி வெக்கலக்கா."

"ஆம்பளைங்க எழுதினா அப்டித்தான்."

அவனே பிறகு மலையைத் தாண்டிப் படையோடு வந்தான். மாமனாரின் தலைநகரத்தைச் சுற்றி வளைத்தான். குளிர்காலம் முழுக்க உள்ளே இருந்தவர்கள் தாங்கினார்கள். பசி. நோய். கோடை வந்தபோது கதவைத் திறந்துவிட்டார்கள். ராஜாவையும் ராணியையும் தூரத்தில் ஒரு மடத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஜெயித்தவன் லாம்பார்டுகளுக்கும் நான்தான் ராஜா என்று பட்டம் சூட்டிக்கொண்டான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பட்டரவாக்கம் வந்தது. நான் இறங்கவில்லை. கதவோரம் நின்றிருந்த பெண் என்னைத் தொட்டு, "அக்கா, உங்க ஸ்டேஷன்," என்றாள். போகட்டும் என்றேன். ரயில் நகர்ந்தது. இடப்பக்கம் ஏரித் தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் நீ கதையின் நல்ல இடத்தை இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன்.

"அப்பாலிக்கா?" என்றார் அக்கா. "ஜனங்கோ? அல்லாரையும் வெட்டிட்டாங்களா?"

"இல்லக்கா. ராஜாதான் போனார். ஜனங்க அங்கயேதான் இருந்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா அவங்க பாஷை போச்சு. அக்கம்பக்கத்துக்காரங்க பேசின பாஷையே வந்துடுச்சு. அந்த ஊருக்கு மட்டும் இன்னிக்கும் லாம்பார்டின்னு பேரு. தெற்கே அவங்க ஆளுங்க இன்னும் முந்நூறு வருஷம் ஆண்டாங்களாம்."

சரோஜாக்கா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அதான பாத்தேன். எங்க ஆத்தா அப்பன் நாத்து நட்ட நெலம்லாம் இப்ப கம்பெனியா கீது. நாங்கோ எங்க பூட்டோம்? இங்கதான கீறோம். அதே கம்பெனியில என் புள்ள வேல பாக்குறான்." கொரட்டூர் வந்தது. இறங்கும்போது என் கையைப் பிடித்து, "நல்லாத்தான் சொன்ன. ஆனா அவ மாதிரி வர்ல," என்றார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது வளரு. உன் மாதிரி வந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்?

அன்றைக்குக் கம்பெனிக்கு லேட். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

இன்னும் ஒன்று படித்தேன். அதை ரயிலில் சொல்லவில்லை. அந்தத் துறவிக்கு ஒரு தம்பி. ராஜ்ஜியம் போன பிறகு கலகம் செய்தவர்களோடு சேர்த்து அவனையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சொத்தெல்லாம் பறிபோய், அவன் பெண்டாட்டி நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தெருவில் கையேந்தினாள். அண்ணன், ஜெயித்த ராஜாவுக்கே விண்ணப்பம் எழுதினார், என் தம்பியை விட்டுவிடுங்கள் என்று. மலையைத் தாண்டி அவன் அரண்மனைக்கே போய்ச் சில வருஷம் இருந்தார். திரும்பி வந்த பிறகுதான் தன் ஜனத்தின் கதையை உட்கார்ந்து எழுதினார். அதைத்தான் நல்ல ராஜாவோடு நிறுத்திவிட்டார். அவருக்கு ஏன் மனம் வரவில்லை என்று இப்போது எனக்குக் கொஞ்சம் புரிகிறது. உனக்கு ஏன் வரவில்லை என்பதும்.

இதை நான் சொன்னது அம்மாவிடம்தான். உன் அம்மா இப்போது குமணன்சாவடியில் முருகேசன் வீட்டில் இருக்கிறார். நீ போனதிலிருந்து அம்மா அதிகம் பேசுவதில்லை. முருகேசனும் அவன் பெண்டாட்டியும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பால்கனியில் நாற்காலியைப் போட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாராம். போன மாதம் ஒரு ஞாயிறு போயிருந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், நீ ரயிலில் எங்களுக்குக் கதை சொல்வாய் என்று ஆரம்பித்தேன். அம்மா திரும்பிப் பார்த்தார்.

"என்ன கத? எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லயேட்டி."

"உங்களுக்குத் தலைவலின்னு சொல்லியிருக்க மாட்டாம்மா."

"தலவலின்னா காது கேக்காதா? நீ சொல்லு."

எதைச் சொல்வது? அந்த அண்ணனும் தம்பியும் நினைவுக்கு வந்தார்கள். சொன்னேன். கீழே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நாலு பிள்ளைகளோடு அவள் கையேந்திய இடத்தில் அம்மா, "பாவி மக்கா," என்றார். அண்ணன் மலையைத் தாண்டிப் போன இடத்தில் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தத் தம்பிய விட்டாவளா?"

"அது நிச்சயமாத் தெரியலம்மா. தெளிவா யாரும் எழுதி வைக்கல."

அம்மா ரோட்டைப் பார்த்தார். "விட்டிருப்பாவ. அவ்வளவு தூரம் போய்க் கேட்டிருக்கான்லா. விட்டிருப்பாவ."

அப்புறம்தான் அழுதார் வளரு. நீ போன அன்றைக்குக்கூட அழாதவர், என் தோளில் சாய்ந்து, "எம்புள்ளய நான் யாருகிட்டட்டி போய்க் கேப்பேன்?" என்று அழுதார். முருகேசன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். நான் கையைக் காட்டி அவனை நிறுத்தினேன். அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா கேட்டது இதுதான்: "அவ மொதல்லேருந்து எப்படிச் சொன்னா? நீ அப்படியே சொல்லு."

ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அம்மா போதும் என்று சொல்லும்வரை போவேன். நீ சொன்னதை நீ சொன்ன மாதிரி சொல்வேன், மறந்த இடத்தில் மறந்துவிட்டேன் என்பேன். அம்மா நடுவில் உன்னைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கதையை நிறுத்திவிட்டு அதைக் கேட்பேன். எனக்குத் தெரியாத வளரு நிறையப் பேர் அந்த அம்மாவிடம் இருக்கிறார்கள். போன வாரம் உனக்கு ஏழு வயதில் அம்மை போட்ட கதையைக் கேட்டேன். இந்த வாரம் என்ன வருமோ.

உன் அம்மாவின் இன்னொரு மகள்,
கஸ்தூரி